இரண்டு குறி போட்ட ஆடு

குட்டியின் காதில் கத்தி பட்டதும் பவளம் குனிந்து அந்த இடத்தில் வாயால் ஊதினாள். பிறகு மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் குழைத்ததை ஒரு விரலில் எடுத்து வெட்டில் தடவினாள். என் வீட்டுக்காரர் கத்தியைத் துடைக்கக் கையை நீட்டினார். அவர் கேட்கவில்லை, அவள் பார்க்கவும் இல்லை. அவள் தோளில் கிடந்த பழந்துணியின் முனை அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

நான் கல்சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நமுனுகுல மலைப்பக்கத் தோட்டத்துக்கு வந்த முதல் ஐப்பசி அது. கல்யாணச் சேலைகளில் ஒன்றைக் கட்டியிருந்தேன். கையில் ஒரு பொட்டலம் உப்பு. அது எதற்கென்று தெரியும். அதை வைத்துக்கொண்டு உள்ளே போகத்தான் தைரியம் இல்லை.

போன தடவை எழுதியபோது, கல்யாணமாகித் தெமோதரை ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கிய இடத்தோடு கதையை நிறுத்திவிட்டேனாம். புகுந்த வீடு எப்படி இருந்தது என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். புகுந்த வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆட்டுப்பட்டிதான் எனக்குச் சரிப்படவில்லை.

மலைக்குப் போய் வந்த ஆடுகள்

எங்கள் மேற்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், வரிசை வீடுகளான லயங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் இரண்டு மூன்று ஆடு இருந்தது. சம்பளத்தில் வாங்க முடியாததை எல்லாம் அவை கொடுத்தன. பிள்ளைக்குப் பால், தோட்டத்துக்கு எரு, தீபாவளிக்குத் துணி.

வைகாசி கழிந்து கச்சான் காற்று எழும்பியதும் ஊவாப் பக்கம் காய்ந்துவிடும். லயத்தைச் சுற்றியிருக்கும் புல் கருகிப்போகும். ஆனால் கொழுந்துக்கு அதுதான் நல்ல காலம். அந்தக் காற்றில் வரும் கொழுந்துக்குத்தான் வாசனை என்று துரைமார் மலைமலையாக அலைவார்கள். அந்த நேரத்தில் ஓர் ஆடு தேயிலைக்குள் நின்றால் கங்காணி முதல் கணக்கப்பிள்ளை வரைக்கும் எல்லோரும் ஏசுவார்கள். அதனால் எல்லா வீட்டு ஆட்டையும் ஒன்றாகச் சேர்த்து, தோட்டத்துக்கு மேலே இருந்த புல்மலைக்கு ஓட்டிவிடுவோம். தேயிலை ஏறாத அந்த மலையைப் பத்தனை என்போம்.

மாடசாமி என்று ஒருவர். அவரும் அவர் மனைவியும் பத்தனையில் குடிசை போட்டுத் தங்கி ஆடு மேய்த்தார்கள். வீட்டுக்கு வீடு அரிசியும் மாவும் கருவாடும் அனுப்புவோம். அரிசி தாமதமானால் மாடசாமி மலை உச்சியில் நின்று ஏசுவது லயத்துக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். எனக்கு ஒரு தடவை கேட்டது மாதிரி இருந்தது.

ஐப்பசி இடி தொடங்கிவிட்டால் ஆடு மேலே நிற்க முடியாது. ஈரத்தில் குளம்பு அழுகும். அட்டை மூக்குக்குள் ஏறும். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மந்தை இறங்கும். காலையிலேயே எல்லோரும் போய் நின்றுவிடுவோம். மேலே வெறும் மூடுபனிதான் தெரியும். முதலில் மணிச் சத்தம் வரும். பிறகு வாடை வரும். அதற்குப் பிறகுதான் ஆடு வரும்.

லயத்துக்குக் கீழே, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துக் கல்சுவர் ஒன்று வட்டமாக நின்றது. அதுதான் பட்டி. மந்தை முழுவதும் உள்ளே போனபின், ஒரே ஒரு வாசல் வழியாக ஒவ்வொன்றாக வெளியே விடுவார்கள். காதில் வெட்டியிருக்கும் குறியைப் பார்த்து, இது இன்ன வீட்டு ஆடு என்று அந்தந்தப் பக்கம் தள்ளுவார்கள். மலையில் பிறந்த குட்டிகளுக்குக் குறி இருக்காது. அவை தாயின் பின்னாலேயே வரும். அவற்றை அங்கேயே பிடித்துக் குறி போடுவார்கள். பட்டி பிரிக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

பெண்கள் உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு தங்கள் ஆட்டைக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு சத்தம். பவளம் நாக்கை மேலே ஒட்டி ஒரு சத்தம் போடுவாள், சொந்த ஆடு மட்டுமில்லை, மற்ற வீட்டு ஆடும் காதைத் தூக்கும். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. ஆட்டைக் கூப்பிட எங்கே வரும்?

கிடாய் வாங்குவதற்குப் பதுளைக் கடைத்தெருவிலிருந்து முஸ்லிம் வியாபாரி ஒருவர் வருவார், நானா என்போம். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, சேறு படாத ஒரு கல்லைத் தேடி அதன்மேல் நின்றுகொள்வார்.

"கிடாய் எல்லாம் எலும்பா இருக்கே மாடசாமி. மலையில புல்லா மொளைக்குது, கல்லா?"

"நாங்க புருசம் பொண்டாட்டி அதத்தான் தின்னோம் நானா. எங்களப் பாத்தா தெரியலயா?"

இன்னொன்றும் மாடசாமி சொல்வார். அப்போது இந்தியாவா இந்த நாடா என்று பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதில் வராமல் எல்லோரும் காத்திருந்த காலம். "ஆட்டுக்குக் காத வெட்டுனா இன்ன வீட்டு ஆடுன்னு தெரியுது. எனக்கும் ஒண்ணு வெட்டி விடுங்கப்பா, இன்ன நாட்டு ஆளுன்னு தெரியட்டும்" என்று தலையைச் சாய்த்துக் காதைக் காட்டுவார். வருஷா வருஷம் இதையே சொல்வார். வருஷா வருஷம் சிரிப்போம்.

ஒரே தலையில் இரண்டு வீடு

எங்கள் வீட்டுக் குறி மீன்வால். இடது காதின் நுனியில் மீன் வாலைப் போல ஒரு வெட்டு. பவளத்தின் வீட்டுக் குறி பிறை. வலது காதின் ஓரத்தில் வளைவாக எடுத்திருப்பார்கள்.

சுட்டி என்று ஓர் ஆடு இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதன் இடது காதில் மீன்வாலும் இருந்தது, வலது காதில் பிறையும் இருந்தது.

இது வாரத்து ஆடு. பவளத்தின் அப்பா என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். முந்தி ஒரு காலத்தில் அவர் தன் தங்கச்சி வீட்டுக்கு, அதாவது என் மாமியார் வீட்டுக்கு, ஒரு பெட்டை ஆட்டை வளர்க்கக் கொடுத்தார். ஆடு இரண்டு வீட்டுக்கும் சொந்தம். இரட்டைக் குட்டி போட்டால் ஆளுக்கு ஒன்று. ஒற்றைக் குட்டி போட்டு அது கிடாயாக இருந்தால் நானாவிடம் போகும். ஒற்றையாகப் பிறந்து பெட்டையாகவும் இருந்துவிட்டால், அதற்கும் இரண்டு காதிலும் இரண்டு குறி. வாரம் அப்படியே தொடரும்.

அப்படித் தொடர்ந்து தொடர்ந்து வந்தவள்தான் சுட்டி. பெரியவர்கள் கண் தெரியாமல் கால் முடியாமல் உட்கார்ந்துவிட்ட பிறகு, பட்டியில் வாரத்து ஆட்டைப் பிடிப்பதும் குறி போடுவதும் இந்த இரண்டு பேர் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தது என்று எழுதுகிறேன். அவர்கள் முகத்தில் அந்தப் பாரம் தெரியவில்லை.

பவளம் அவருக்கு முறைப்பெண். அவளைத்தான் கட்டுவார் என்று லயம் முழுவதும் நினைத்திருந்தது. இடையில் அவள் அப்பாவுக்கும் என் மாமியாருக்கும் ஏதோ மனத்தாங்கல். பவளத்தைத் தெமோதரைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் காய்ச்சலில் போய்விட்டார். வெறுங்கழுத்தோடு அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, இங்கே என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பரிசம் போட்டு முடிந்திருந்தது.

அவள் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டியில் அந்தத் துணி முனை கைமாறியதைப் பார்த்தபோது நானே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆட்டுக்கு எதற்குச் சவரம்

என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கிற வேலை. கத்தி அவர் சொன்னபடி கேட்கும். வீட்டில் அதிகம் பேச மாட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார், வருவார், தேத்தண்ணி குடிப்பார், "ம்" என்பார். நானும் பேசாதவள். இரண்டு பேரும் பேசாமலே நன்றாகத்தான் குடும்பம் நடத்தினோம்.

அந்த மனிதர் பட்டியில் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். பவளம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"என்னா மச்சான், காத வெட்டச் சொன்னா தலையவே வெட்டிருவீங்க போல. கவ்வாத்துன்னு நெனச்சீங்களா?"

"நீ ஒழுங்கா புடி. நீ புடிக்கிற புடியில குட்டி என்னைய ஒதைக்குது."

"ஒங்கள ஒதைக்க இது ஒண்ணாவது இருக்கே."

இவ்வளவுதான் பேச்சு. இதில் தப்பாக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டிருக்கிறேன். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும்.

பட்டி பிரிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சவரம் செய்துகொள்வார். அதற்காகவே வெந்நீர் கேட்பார். நான்தான் வைத்துக் கொடுப்பேன். ஆட்டுக்கு எதற்குச் சவரம் என்று தொண்டை வரைக்கும் வரும். கேட்டதில்லை. தீபாவளி வருகிறதே, அதற்காக இருக்கும் என்று ஒரு பக்கம் நினைப்பேன். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று இன்னொரு பக்கம் நினைப்பேன்.

வருஷத்தில் மற்ற நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவள் வேறு லயம். பாதையில் கண்டால் ஒதுங்கிப் போவாள், என்னைப் பார்த்தால் மட்டும் நின்று, "தங்கச்சி சாப்பிட்டாச்சா?" என்பாள். மலையில் கொழுந்து நிறுக்கும்போது எப்போதும் அவள் கூடைதான் கனம். நானும் நாள் முழுக்கக் குனிந்து பறித்துப் பார்த்தேன். முதுகு வலித்ததுதான் மிச்சம்.

அவள் இப்போது இந்தியாவில் இருக்கிறாள். எங்கேயோ நீலகிரிப் பக்கம், அங்கேயும் தேயிலைதான். எப்போதாவது கடிதம் வரும். நலம் விசாரிக்கும்போது யார் பெயரை முதலில் எழுதியிருக்கிறாள் என்று இன்றைக்கும் பார்ப்பேன். எப்போதும் என் பெயர்தான் முதலில் இருக்கும். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அப்புத்தளைக் குளிரில் ஒரு தங்கச்சி

இந்தக் குணம் எனக்குப் புதிதாக வந்ததில்லை. நான் பிறந்து வளர்ந்த அப்புத்தளையில் நாங்கள் இருந்த லயம் மலை விளிம்பில் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். பக்கத்து வீட்டுக் கதவு தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா எங்களைக் கூட்டிப்போக டவுனுக்கு வருவார். வந்ததும் தங்கச்சியைத் தூக்கித் தோளில் வைத்து, கம்பளியால் இரண்டு பேருக்கும் சேர்த்து மூடிக்கொள்வார்.

நான் பின்னால் நடப்பேன். மூடுபனியில் அப்பாவின் கால் மட்டும் தெரியும். கம்பளிக்குள் அவள் அப்பாவிடம் ஏதோ சொல்வது கேட்கும். என்ன சொல்கிறாள் என்பது கேட்காது.

அவள் சின்னவள், கால் நோகும், தூக்குகிறார். அது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினாலும் உள்ளே ஒன்று கொதித்துக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்பார். "குளிருதும்மா" என்பேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இந்தக் கொதிப்பு நிற்கவில்லை.

மூன்றாவது ஐப்பசி

இரண்டாம் வருஷம் கைக்குழந்தையோடு நின்று பார்த்தேன். முதல் வருஷம் போல இரட்டையில்லை, அந்த வருஷம் சுட்டிக்கு ஒற்றைக் கிடாய்க்குட்டி. நானா பிடித்துக்கொண்டு போய்விட்டார். காது வெட்டுகிற வேலை இல்லை. எனக்கு அந்தத் தீபாவளி நல்ல தீபாவளி.

மூன்றாம் வருஷம் மந்தை இறங்கியபோது சுட்டியின் பின்னால் ஒரே ஒரு குட்டி வந்தது. அதுவும் பெட்டை. நெற்றியில் தாயைப் போலவே வெள்ளை.

"அடுத்த சுட்டி வந்துட்டாடா" என்று மாடசாமி உள்ளே இருந்து சத்தம் போட்டார்.

இந்தக் குட்டிக்கும் இடது காதில் மீன்வால், வலது காதில் பிறை. இது வளரும், குட்டி போடும், அதற்கும் இரண்டு காது இருக்கும். நான் கிழவியாகிக் கல்சுவருக்கு வெளியே நிற்பேன். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே நின்று ஊதிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருப்பார்கள்.

அவர் கத்தியோடு வாசலுக்குப் போனார். புதிதாகச் சவரம் செய்த கன்னம். பவளம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டியைப் பிடிக்கக் குனிந்தாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது. ஆடே இல்லாவிட்டால் வாரம் ஏது? சுட்டியும் குட்டியும் அவளுக்கே போகட்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு பங்கும் வேண்டாம். பங்கு இல்லையென்றால் பக்கத்தில் நிற்க வேண்டிய வேலையும் இல்லை.

மந்தை கீழே நிற்கும் மாதங்களில் என் மகள் சுட்டியின் பாலில்தான் வளர்ந்தாள். அது தெரியாமல் இல்லை. சீனி போட்ட வெறும் தேத்தண்ணி குடித்து எத்தனை பிள்ளைகள் வளர்கின்றன, இவளும் வளரட்டும் என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கக்கூடியதா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

குழந்தையைப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் பட்டிக்குள் போனேன்.

கயிறு

சுட்டியின் கழுத்தில் ஒரு கயிறு கிடந்தது. அதன் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பவளத்தின் முன்னால் போனேன். அவள் நிமிர்ந்தாள். கயிற்றை அவள் கையில் வைத்து அழுத்தினேன்.

"இது ஒங்களுக்கே இருக்கட்டும் அக்கா. குட்டியும் சேத்து வச்சுக்கங்க."

எங்கள் அப்புத்தளைப் பக்கம் ஆட்டை மாட்டை விற்கும்போது கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். நான் விற்கவில்லையே, சும்மாதானே கொடுக்கிறேன். அதனால் கயிற்றோடு கொடுத்தேன். மனதாரக் கொடுக்கிறேன் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றும் இருந்தது.

ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. வாசலில் நின்ற மாடசாமி பிடித்த ஆட்டை விடவும் இல்லை, தள்ளவும் இல்லை. சுவர்மேல் உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ மெதுவாக, "அப்ப இனிமே அடுப்பு ஒண்ணா, ரெண்டா?" என்றாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். காது சுட்டது. அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

பவளம் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். தலையைக் குனியவில்லை.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. சுட்டி புழுக்கை போட்டுவிட்டு ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது. அவ்வளவு நேரம்.

பிறகு அவள் கையை விரித்தாள். கயிறு கீழே விழுந்தது.

"தங்கச்சி அப்புத்தளைக்காரி. நம்ம வழக்கம் அதுக்கு என்னா தெரியும்?" என்று பொதுவாகச் சொன்னாள். உடனே குரலை மாற்றிக்கொண்டு, "மாடசாமியண்ணே, தாய மச்சான் வீட்டுப் பக்கம் தள்ளுங்க. குட்டி எனக்கு. குட்டிக்கு எங்க வீட்டுக் குறி மட்டும் போதும். வாரம் இன்னையோட தீந்துச்சு" என்றாள்.

யாரும் அசையவில்லை.

"என்னா வேடிக்க? நானாவுக்குப் பஸ் போயிரும். தள்ளுங்கண்ணே."

கல்மேல் நின்ற நானா இருமினார். "ஆமா, ஆமா. பஸ் போயிரும்" என்றார்.

குட்டியை அவள் தனியாகவே தூக்கிக்கொண்டு போனாள். தன் அப்பாவின் கத்தியை எடுத்து அவளே வலது காதில் வெட்டினாள். அவளே ஊதினாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாரம் முடிந்தது. அதையும் அவள்தான் செய்து கொடுத்தாள், ஒரு நிமிஷத்தில், எனக்கும் நட்டமில்லாமல் அவளுக்கும் நட்டமில்லாமல். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. நான் மூன்று வருஷம் கொதித்துக் கண்டுபிடித்ததைவிட அவள் நின்ற இடத்தில் கண்டுபிடித்தது நன்றாக இருந்தது.

செல்லம்மாக்கா சொன்னது

திரும்பி வரும் பாதையில் செல்லம்மாக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் புள்ள, என்னா காரியம் பண்ணுன? தெரிஞ்சா பண்ணுன?"

"ஆட்டக் குடுத்தேங்க்கா. அதுல என்னா?"

"ஆட்டக் குடுத்தா சரி. கயித்தயில்ல குடுத்த."

பிறகுதான் சொன்னார். இந்தத் தோட்டத்தில் பெண்ணுக்குப் பெண் பட்டியில் வைத்துக் கயிறு கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கல்யாணம் பேசி முடித்ததும், பெண்ணைப் பெற்றவள் ஓர் ஆட்டைக் கயிற்றோடு மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணின் கையில் கொடுப்பாள். கயிறு கைமாறிவிட்டால் இரண்டு வீடும் ஒரு வீடு. ஆட்டுக்கும் அதற்குப் பிறகு ஒரே குறி. கொண்டவள் ஒருத்தி, புருஷனுடைய முறைப்பெண்ணின் கையில், அதுவும் தாலியறுத்து வந்து நிற்கிறவள் கையில், நாலு பேர் பார்க்கக் கயிற்றைக் கொடுத்தால் என்ன அர்த்தம்? நீயும் வீட்டுக்கு வா என்று அர்த்தம்.

பாதை ஓரத்தில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க கல்யாணத்துக்கு இப்பிடி ஒண்ணும் நடக்கலயேக்கா."

"எப்பிடி நடக்கும்? ஒங்கம்மா அப்புத்தளையில இருந்து ரயிலேறி வந்துச்சு. ஆட்டையும் டிக்கட் எடுத்துக் கூட்டிக்கிட்டா வரும்?" என்று செல்லம்மாக்கா சிரித்தார். என்னைத் தேற்றத்தான் சிரித்தார்.

அதைக் கேட்டதும் பயம் போய் வேறொன்று வந்தது. எனக்கு யாரும் கொடுக்காத கயிறு. அதை நான் என் கையால் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவளும் அதைக் கையில் வாங்கி, வேண்டிய நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் கீழே போட்டாள்.

அடுப்படியில்

பொழுது சாய்ந்ததும் அவர் சுட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொல்லையில் கட்டிவிட்டு உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவினார். நான் ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தேன். புகைதான் வந்தது.

கேட்க மாட்டேன் என்று வழி முழுக்க நினைத்து வந்தவள், கேட்டுவிட்டேன்.

"எனக்குத்தான் வழக்கம் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமில்ல. நான் கயித்தக் குடுக்கயில ஏன் வாயத் தொறக்கல?"

அவர் சுண்ணாம்பு டப்பியை மூடினார்.

"நீ தெரிஞ்சுதான் குடுக்கிறன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சு குடுப்பேனா?"

"செல்லம்மாக்கா சொல்லியிருக்கும்னு நெனச்சேன். பவளத்துக்கு யாரும் இல்ல. அத நீ பாத்து மனசு எரங்கிட்டன்னு நெனச்சேன்." டப்பியை ஓரமாக வைத்தார். "இவ்வளவு நல்லவளா இருக்கியேன்னு நெனச்சேன்."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் என்னைப் பாராட்டிச் சொன்னது அது ஒன்றுதான்.

ஊதுகுழலைக் கீழே வைத்தேன். "நான் நல்லவ இல்லங்க. எனக்கு அவளக் கண்டா ஆகாது. அந்த ஆட்டக் கண்டா ஆகாது. அவ துணிய நீட்டுறது ஆகாது, நீங்க வாங்கித் தொடைக்கிறது ஆகாது. நீங்க சவரம் பண்ணிக்கிட்டுப் போறது ஆகாது. இதெல்லாம் நிக்கட்டும்னுதான் ஆட்டக் குடுத்தேன்."

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் அவரிடம் பேசியதில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ புது ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அடுப்பில் விறகு பற்றிக்கொண்டு அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

"தெரியலயே" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று தோட்டத்தில் எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர் அவருக்கு உண்டு. அந்தச் சாயங்காலம் அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால், நான் ஆயுள் முழுக்க அதை நம்பியிருப்பேன்.